வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

1. நோட்டில் எழுதிய பயணம்

பாத்திமா ஈரோட்டில் வாழ்கிறார். காவிரிக் கரைக்குப் பக்கத்தில் அவருடைய வீடு இருக்கிறது. அவருடைய கணவர் காதர் ஒரு தையல்காரர். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சபீனா. இளையவன் இர்பான். பாத்திமாவின் தாயாரும் அவர்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகள் அவரை நன்னி என்று கூப்பிடுவார்கள்.

பாத்திமா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எழுத்தறிவு மையத்தில் சேர்ந்தார். இப்போது நன்றாகப் படிக்கிறார். வீட்டுச் செலவைத் தாமே நோட்டில் எழுதுகிறார்.

பிள்ளைகளுக்கு ஓர் ஆசை. மைசூருக்குப் போக வேண்டும். ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க வேண்டும். பாத்திமா ஓர் ஆண்டாக உண்டியலில் பணம் சேர்த்தார். தை மாதம் பள்ளிக்கு விடுமுறை வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம். திங்கட்கிழமை பறவைகளைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விலங்குக் காட்சிசாலைக்குப் போகலாம். அன்று ராத்திரி திரும்பிவிடலாம்" என்றார் காதர்.

பாத்திமா அதை அப்படியே நோட்டில் எழுதினார். பிறகு சபீனாவின் உதவியோடு கைபேசியில் மைசூர் பற்றித் தேடிப் படித்தார். ஓர் இடத்தில் அவருடைய விரல் நின்றது.

"என்னங்க, இதைப் பாருங்க. காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை என்று போட்டிருக்கிறதே!"

காதர் நம்பவில்லை. "பண்டிகை நாளில் திறந்து வைப்பார்களோ என்னவோ" என்றார்.

"சந்தேகம் எதற்கு? கேட்டுவிடலாம்" என்றார் பாத்திமா. காட்சிசாலைக்கே தொலைபேசியில் பேசினார். அந்தச் செவ்வாய்க்கிழமை விடுமுறைதான் என்று தெரிந்தது.

பாத்திமா நோட்டில் இரண்டு வரிகளை அடித்தார். மாற்றி எழுதினார். திங்கட்கிழமை காட்சிசாலை. செவ்வாய்க்கிழமை பறவைகள்.

காதர் சிரித்தார். "நல்ல வேளை. இல்லாவிட்டால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்" என்றார்.

2. நன்னியின் தயக்கம்

எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நன்னி மட்டும் பேசாமல் இருந்தார்.

"நீங்கள் போய் வாருங்கள். நான் வரவில்லை" என்றார் அவர்.

"ஏன் அம்மா?" என்று கேட்டார் பாத்திமா.

நன்னி பழைய கதையைச் சொன்னார். ஒரு முறை அவர் உறவினர் திருமணத்திற்காக வெளியூர் போனார். வழியில் பேருந்து நின்ற இடத்தில் ஓர் உணவகம் இருந்தது. அங்கே இறைச்சி மணம் வீசியது. அது ஹலால் உணவா என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. நாள் முழுவதும் தேநீரும் ஒரு வாழைப்பழமும்தான். மாலையில் மயங்கி விழுந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் மாத்திரை போட்டிருந்தார்.

"போகிற இடத்தில் எனக்கு என்ன கிடைக்குமோ? உங்களுக்கும் தொல்லை. நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்றார் நன்னி.

ஹலால் என்றால் என்ன? ஹலால் என்பது அரபுச் சொல். அனுமதிக்கப்பட்டது என்று பொருள். முஸ்லிம்கள் எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்பதற்கு விதிகள் இருக்கின்றன. ஆடு, கோழி ஆகியவற்றை இறைவனின் பெயரைச் சொல்லி அறுத்திருக்க வேண்டும். இரத்தம் வடிந்திருக்க வேண்டும். தானாகச் செத்த விலங்கை உண்ணக் கூடாது. பன்றி இறைச்சியும் இரத்தமும் மதுவும் கூடாது. மீனை அறுக்கும் விதி இல்லை. அரிசி, பருப்பு, காய், பழம், பால் ஆகியவற்றுக்கும் தடை இல்லை.

பாத்திமா தாயின் அருகில் உட்கார்ந்தார்.

"அம்மா, அன்றைக்கு நீங்கள் தனியாக இருந்தீர்கள். கேட்கக் கூச்சப்பட்டீர்கள். இப்போது நான் கூட வருகிறேன். நான் கேட்கிறேன். உங்களைப் பட்டினி போட மாட்டேன்."

நன்னி சிறிது நேரம் யோசித்தார். "சரி, வருகிறேன்" என்றார்.

பாத்திமா நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். நன்னியின் மாத்திரைகளை எழுதினார். சாப்பிட வேண்டிய நேரத்தையும் எழுதினார். காலை 8 மணி. பகல் 1 மணி. இரவு 8 மணி. ஒரு காகிதப் பொட்டலத்தில் வெல்லக்கட்டிகளை மடித்து வைத்தார். முதல் நாளைக்கு எலுமிச்சைச் சோறும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டார்.

3. காட்டு வழி

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பேருந்து ஏறினார்கள். சத்தியமங்கலம் தாண்டியதும் மலை தெரிந்தது. பண்ணாரிக்குப் பிறகு காடு தொடங்கியது. அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013-ஆம் ஆண்டு அது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. இர்பான் எண்களைச் சத்தமாகப் படித்தான். நன்னியும் கூடவே எண்ணினார்.

ஒரு வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. இர்பான் சப்பாத்தித் துண்டை எடுத்தான். நடத்துநர் தடுத்தார்.

"போடாதே தம்பி. நாம் போட்டுப் பழக்கினால் குரங்கு சாலைக்கு வரும். வண்டியில் அடிபட்டுச் சாகும்" என்றார்.

இந்தச் சாலையில் இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவில் யானை, சிறுத்தை, மான் ஆகியவை சாலையைக் கடக்கும். வேகமாக வரும் வண்டிகளில் அவை அடிபட்டுச் சாகின்றன. அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. பாத்திமா இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நோட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை ராத்திரி கிளம்புவது என்று எழுதியிருந்ததை அடித்தார். மதியமே கிளம்ப வேண்டும் என்று எழுதினார்.

4. புரியாத எழுத்து

மதியம் மைசூர் வந்தது. மைசூர் கருநாடக மாநிலத்தில் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் மைசூரு என்று எழுதப்படுகிறது.

பாத்திமா பேருந்தை விட்டு இறங்கினார். சுற்றிலும் பலகைகள். எல்லாம் கன்னட எழுத்து. வட்டம் வட்டமாக இருந்தது. ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. பாத்திமாவுக்கு நெஞ்சு அடைத்தது. எழுத்துத் தெரியாமல் தவித்த பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன.

"இரண்டு வருடம் படித்தேன். இங்கே வந்ததும் மறுபடியும் எழுத்தறியாதவள் ஆகிவிட்டேனே!" என்றார்.

சபீனா சொன்னாள்: "அம்மா, எண்களைப் பாருங்கள். பேருந்தின் எண் நம் ஊரில் போலவேதான் இருக்கிறது. கடிகாரமும் அதேதான். ரூபாயும் அதேதான்."

உண்மைதான். பாத்திமா எண்களைப் படித்தார். சற்றுத் தைரியம் வந்தது. பக்கத்தில் ஓர் அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். பாத்திமா அவரிடம் தமிழிலேயே கேட்டார். பூக்கார அம்மா கன்னடத்தில் பதில் சொன்னார். பாதி புரிந்தது. மீதியைக் கையால் காட்டினார். வழி தெரிந்துவிட்டது.

தமிழும் கன்னடமும் உறவுள்ள மொழிகள். பல சொற்கள் ஒன்று போல இருக்கும். நாம் நீர் என்கிறோம். அவர்கள் நீரு என்கிறார்கள். நமக்கு மீன். அவர்களுக்கு மீனு. நமக்கு ஊர். அவர்களுக்கு ஊரு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழில் ‘ப’ என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ‘ஹ’ என்று தொடங்கும். பால் அங்கே ஹாலு. புலி அங்கே ஹுலி. பூ அங்கே ஹூவு. இர்பானுக்கு இது விளையாட்டாகிவிட்டது. "ஹாலு, ஹுலி, ஹூவு" என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

5. "இறைச்சி ஹலாலா?"

மாலையில் அரண்மனையைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் அரண்மனைக்கு விளக்கு ஏற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். விளக்குகள் எரிந்ததும் கூட்டம் முழுவதும் "ஆ!" என்றது. நன்னியும்தான்.

மணி எட்டு ஆகப்போகிறது. எல்லோருக்கும் பசி. எதிரே ஓர் உணவகம். வாசலில் கோழி வறுவல் படம் மாட்டியிருந்தது.

"அத்தா, இங்கேயே சாப்பிடலாம்" என்றான் இர்பான்.

நன்னியின் முகம் வாடியது. பாத்திமா அதைப் பார்த்தார். கல்லாவில் இருந்தவரிடம் நேராகப் போனார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"ஐயா, இங்கே இறைச்சி ஹலாலா?"

அவர் கோபப்படவில்லை. "அம்மா, கோழி வெளியிலிருந்து வருகிறது. எப்படி அறுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தெருவில் சைவ உணவகம் இருக்கிறது. தோசை நன்றாக இருக்கும்" என்றார்.

"உண்மையைச் சொன்னீர்கள். மிக்க நன்றி ஐயா" என்றார் பாத்திமா.

அடுத்த தெருவில் மசால் தோசை சாப்பிட்டார்கள். மைசூர் மசால் தோசைக்குள் சிவப்புச் சட்னி தடவியிருந்தது. நன்னி இட்லி கேட்டு வாங்கினார். வயிறு நிறைந்தது. கேட்க ஒரு நிமிடம்தான் ஆனது.

அறைக்குத் திரும்பியதும் நன்னி மெதுவாகச் சொன்னார்: "நான் இத்தனை வருடம் பயந்தது இதற்குத்தானா?"

6. காட்சிசாலையில் ஒரு பயம்

திங்கட்கிழமை காலையில் விலங்குக் காட்சிசாலைக்குப் போனார்கள். இது 1892-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அப்போது மைசூர் மன்னராக இருந்தவர் சாமராஜேந்திர உடையார். அவர் பெயரால்தான் இன்றும் இது அழைக்கப்படுகிறது. இது மிகப் பழைய காட்சிசாலைகளில் ஒன்று. பெரிய பெரிய மரங்கள் நிழல் தருகின்றன.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் பை கொண்டு போகக் கூடாது. விலங்கு அதைத் தின்றால் குடல் அடைத்துச் செத்துப்போகும். பாத்திமா காகிதப் பொட்டலம்தான் வைத்திருந்தார். அதனால் தொல்லை இல்லை.

ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி இலை தின்றது. யானை மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. மனிதக் குரங்கான கொரில்லாவையும் பார்த்தார்கள். 2021-ஆம் ஆண்டு செருமனி நாட்டிலிருந்து இரண்டு கொரில்லாக்கள் இங்கே கொண்டுவரப்பட்டன.

பிள்ளைகள் ஓடினார்கள். பெரியவர்களும் பின்னால் நடந்தார்கள். நேரம் போனதே தெரியவில்லை. நன்னி ஒரு மரத்தடியில் நின்றார். அவருடைய நெற்றி வியர்த்தது. கை நடுங்கியது.

"பாத்திமா, கண்ணைக் கட்டுகிறது" என்றார்.

பாத்திமா மணியைப் பார்த்தார். 12.30. வழக்கத்தைவிட அதிக நடை. காலையில் நன்னி சரியாகச் சாப்பிடவும் இல்லை. பாத்திமாவுக்கு எழுத்தறிவு மையத்தில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் உணவைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டால் உடம்பில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் எல்லாம் வரும். உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்.

பாத்திமா தாயை உட்கார வைத்தார். வெல்லக்கட்டியை வாயில் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். காதர் விசிறினார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. நன்னியின் முகம் தெளிந்தது.

"இனிப்பு கொடுத்தது முதல் உதவிதான். இப்போது சாப்பாடு வேண்டும்" என்றார் பாத்திமா.

அங்கே முதியவர்களுக்கு மின்கல வண்டி இருந்தது. காதர் கேட்டு அழைத்து வந்தார். நன்னி வண்டியில் வாசலுக்கு வந்தார். வாசலில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் நின்றார்.

"அண்ணா, இங்கே ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும்? பக்கத்திலேயே வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று கேட்டார் பாத்திமா.

"மண்டி மொகல்லாவுக்குப் போகலாம் அம்மா. அங்கே நிறைய முஸ்லிம் உணவகங்கள் இருக்கின்றன. சீக்கிரம் போய்விடலாம்" என்றார் ஓட்டுநர்.

அங்கே ஒரு சிறிய உணவகத்தில் இறங்கினார்கள். பாத்திமா அங்கேயும் கேட்டார். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

"பக்கத்துக் கடையில்தான் வாங்குகிறோம் அம்மா. முறைப்படிதான் அறுக்கிறார்கள். நீங்களே போய்ப் பார்க்கலாம்" என்றார்.

சூடான பிரியாணி வந்தது. நன்னிக்கு ரொட்டியும் குழம்பும் வந்தன. நன்னி நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "நன்றாக இருங்கள் தம்பி" என்றார்.

மாலையில் காரஞ்சி ஏரிக்குப் போனார்கள். அது காட்சிசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வலையால் மூடிய பெரிய பறவைக்கூடம் உண்டு. அதன் உள்ளேயே நாம் நடந்து போகலாம். மயில் காலடியில் மேய்ந்தது. நன்னி மர நிழலில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார். அன்று அவருக்கு நடை போதும் என்று பாத்திமா முடிவு செய்தார்.

7. பறவைத் தீவுகள்

செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பிறகு ரங்கனதிட்டுக்குப் போனார்கள். அது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே காவிரி ஆறு ஓடுகிறது. ஆற்றின் நடுவில் சிறு சிறு தீவுகள் இருக்கின்றன. அந்தத் தீவுகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன.

ஒரு படகில் ஏறினார்கள். படகு மெதுவாகப் போனது. மரங்கள் முழுவதும் பறவைகள். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், நத்தை குத்தி நாரை என்று படகோட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். கரண்டிவாயனின் அலகு உண்மையாகவே கரண்டி போல இருந்தது. ஒரு பாறையில் முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. இர்பான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த இடத்தை இப்படிப் பாதுகாத்தது யார்?" என்று கேட்டார் பாத்திமா.

"சாலிம் அலி என்ற பெரியவர் சொன்னார். அவர் சொல்லித்தான் மைசூர் அரசு 1940-ஆம் ஆண்டு இதைச் சரணாலயம் ஆக்கியது" என்றார் படகோட்டி.

"சாலிம் அலியா? அவரைப் பற்றி எங்கள் பாடத்தில் இருக்கிறது!" என்றாள் சபீனா. படகில் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னாள்.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். மாமா அமிருத்தீன் தியாப்ஜி அவரை வளர்த்தார். சிறுவன் சாலிமிடம் ஒரு சிறு துப்பாக்கி இருந்தது. அதனால் சிட்டுக்குருவிகளைச் சுடுவான். ஒரு நாள் சுட்ட குருவி வேறு மாதிரி இருந்தது. அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. குழம்பு சிந்திய கறை போல இருந்தது. சிறுவனுக்குச் சந்தேகம் வந்தது. முஸ்லிம்கள் இந்தக் குருவியைத் தின்னலாமா, கூடாதா? மாமாவிடம் ஓடினான். கேட்டான்.

மாமாவுக்கு அது என்ன பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே மில்லார்டு என்ற அதிகாரி இருந்தார். அவர் சிறுவனை அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பிறகு பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். சிறுவனின் கண் விரிந்தது. நம் நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா?

அன்று தொடங்கிய ஆர்வம் கடைசி வரை நின்றது. சாலிம் அலி நாடு முழுவதும் சுற்றிப் பறவைகளை ஆராய்ந்தார். 1941-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1976-ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூசண் விருது கிடைத்தது. 1987-ஆம் ஆண்டு காலமானார்.

கதை முடிந்தது. நன்னி வியப்போடு கேட்டார்: "இதைத் தின்னலாமா என்று கேட்டதிலிருந்தா இத்தனையும் வந்தது?"

"ஆமாம் நன்னி. அவர் கேட்காமல் தூக்கிப் போட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது" என்றாள் சபீனா.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். சொன்னேனே தவிர, நான் வாயைத் திறக்கவில்லை" என்றார் நன்னி.

பிறகு அவரே படகோட்டியிடம் கேட்டார்: "தம்பி, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

"மேட்டூருக்குப் போகிறது பாட்டி. அப்புறம் பவானி, ஈரோடு" என்றார் படகோட்டி.

நன்னி குனிந்து ஆற்றைப் பார்த்தார். "இது நம் வீட்டுப் பக்கம் ஓடுகிற ஆறா! நாம் குடிக்கிற தண்ணீரா!" என்றார். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

8. வீடு திரும்பினார்கள்

மதியம் மைசூரில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினார்கள். இரவில் ஈரோடு வந்து சேர்ந்தார்கள். பாத்திமா நோட்டை எடுத்துச் செலவைக் கூட்டினார். நினைத்ததற்குள் அடங்கியிருந்தது.

அடுத்த வாரம் எழுத்தறிவு மையத்தில் பாத்திமா பயணக் கதையைச் சொன்னார். மையத்தில் ஒரு பெண் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர். "நானும் இப்படித்தான். வெளியூர் போனால் கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடப்பேன். இனிமேல் கேட்டுவிடுவேன்" என்றார் அவர்.

நன்னியும் அன்று மையத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆசிரியை அவருக்கும் ஒரு சிலேட்டுக் கொடுத்தார்.

"வெள்ளோடு ஏரியிலும் பறவைகள் வருமாமே? நம் ஈரோட்டுக்குப் பக்கம்தானே? எந்தப் பேருந்து போகும்?" என்று கேட்டார் நன்னி.

"பேருந்தின் பலகையை நீங்களே படிக்கலாம் அம்மா. முதலில் ‘வெ’ எழுதுங்கள்" என்றார் ஆசிரியை.

தெரிந்துகொள்வோம்

வெளியூர் போகும் முன் வார விடுமுறை என்று என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரங்கனதிட்டில் மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் படகு ஓடாது. முன்பே விசாரியுங்கள்.

பொட்டலத்தில் விற்கும் உணவில் குறியைப் பாருங்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது அசைவம். அசைவம் ஹலாலா என்பதை இந்தக் குறி சொல்லாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சர்க்கரை நோயாளியுடன் போகும்போது இனிப்பும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். மயங்கி நினைவு இழந்தவரின் வாயில் எதையும் போடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

காட்டில் விலங்குகளுக்கு உணவு போடாதீர்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. பாத்திமா நோட்டில் எந்த இரண்டு நாட்களை மாற்றி எழுதினார்? ஏன்?
2. நன்னி முதலில் பயணத்துக்கு வர மறுத்தது ஏன்?
3. திம்பம் சாலையில் இரவில் கட்டுப்பாடு எதற்கு?
4. சிறுவன் சாலிம் மாமாவிடம் என்ன கேட்டான்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஹலால் என்றால் ______ என்று பொருள்.
2. மைசூர் விலங்குக் காட்சிசாலை ______ ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.
3. புலியைக் கன்னடத்தில் ______ என்பார்கள்.

இ. கணக்குப் போடுங்கள்

ஒரு குடும்பத்தில் 3 பெரியவர்கள், 2 சிறுவர்கள். பெரியவருக்கு நுழைவுச் சீட்டு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எவ்வளவு? 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு வர வேண்டும்?

ஈ. பேசுங்கள்

உங்கள் வீட்டில் எந்த உணவைத் தவிர்ப்பீர்கள்? வெளியூரில் அதை எப்படிக் கேட்பீர்கள்? இருவர் இருவராகப் பேசிப் பாருங்கள். ஒருவர் கடைக்காரர். இன்னொருவர் பயணி.

உ. எழுதுங்கள்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஏரி, ஆறு, காடு, பூங்கா ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குடும்பத்தோடு ஒரு நாள் போய் வரத் திட்டம் எழுதுங்கள். கிளம்பும் நேரம், பேருந்து, உணவு, செலவு, திரும்பும் நேரம் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும்.